பரண் என்றால் மணியடிக்கும் போன்

இந்த ஜென்மத்தில் பரண் ஏறுவதில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மேலே ஓட்டைப் பெட்டிகள், ஓடாத மின்விசிறி, குடும்பம் குடும்பமாய்ச் சிலந்திகள். ஞாயிறு விடிந்தால் போதும், மனைவிக்குப் பரணைச் சுத்தம் செய்யும் ஞாபகம் வந்துவிடும்.

அலுவலகத்தில் அவருடைய பட்டப்பெயரே ஷார்ட்கட். வீட்டுக்குக் கிளம்பினால் “கிளம்பிட்டேன்” என்று போனே மனைவிக்குச் செய்தி அனுப்பும். காரில் உட்கார்ந்தால் தானாகப் பாட்டுப் பாடும். எல்லாம் போனில் அவர் செய்துவைத்த ஷார்ட்கட்கள். இப்போது புதிதாக ஒன்று செய்தார். யாராவது “பரண்” என்றால், மேனேஜர் கூப்பிடுவதுபோல் போன் மணியடிக்கும்.

“ஏங்க, இன்னிக்காவது அந்தப் பரணை...”

மணி அடித்தது.

“மேனேஜர்ம்மா. ஒரே நிமிஷம்.”

பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பூச்செடியிடம் அரைமணி நேரம் “சரி சார்” சொன்னார். சில வாரங்கள் சுகமாக ஓடின.

ஒரு ஞாயிறு அவர் குளிக்கும்போது கூடத்தில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. சோப்பு நுரையோடு ஓடிவந்து போனை வாங்கினார்.

“எடுத்தா யாரும் பேசலங்க. என் போன்ல அக்காகிட்ட பரணைப் பத்தி...”

அவர் கையிலேயே மணி அடித்தது. மனைவி போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“எடுங்க, மேனேஜர்” என்றாள்.

மாலையில் டிவியில் கிரிக்கெட். கடைசி ஓவர். மனைவி வந்து, குழந்தையின் காதில் சொல்வதுபோல் போனிடம் குனிந்து “பரண்” என்றாள். மணி அடித்தது.

“அப்புறம் பேசிக்கிறேம்மா.”

“பாவம், அவசரமா இருக்கும். பால்கனியில ஒரு வாளி ஈரத்துணி வச்சிருக்கேன். இன்னொரு கை சும்மாதானே இருக்கு?”

அது பொய் அழைப்பு என்று எந்த வாயால் சொல்வது? வாயில் கிளிப்பைக் கவ்வி, ஒற்றைக் கையால் படுக்கை விரிப்பைக் கொடியில் போட்டபடி “சரி சார்” என்றார். உள்ளே அவர் நாற்காலியில் உட்கார்ந்து மனைவி கைதட்டினாள்.

இரவே அந்த ஷார்ட்கட்டை அழித்தார்.

அடுத்த ஞாயிறன்று நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தார். மனைவி வந்தாள்.

“பரண்.”

போனில் சத்தமே இல்லை.

“பரண்ங்க. மேனேஜர் கூப்பிடலையா?”

“இல்லையே” என்றார் வெற்றிப் புன்னகையோடு. “இனிமே ஞாயித்துக்கிழமையில அவர் கூப்பிடவே மாட்டார்.”

“நல்லதாப் போச்சு” என்று அவள் ஏணியை நீட்டினாள்.