நான்காம் வார்டுச் சுவரின் உடல்நிலை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி நடந்த ஒரே காரியம், பெங்களூரு பிரேசர் டவுன் பரிவு மருத்துவமனையில் நான்காம் வார்டுச் சுவருக்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிக்கப்பட்டதுதான்.

அந்தச் சமயத்தில் அதே வார்டில் மூச்சுத்திணறலோடு ஆறு பேர் படுத்திருந்தார்கள். ஏற்கெனவே அட்மிஷன் போட்டு விட்டதால் அவர்களிடம் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வார்டின் பொறுப்பு குளோரியா சிஸ்டருடையது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு திங்கட்கிழமை காலை, சுவரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து ஐந்தாம் கட்டில் கோவிந்தப்பாவின் இட்லித் தட்டில் விழுந்தது. சிஸ்டர் ஒரு மூட்டை சிமென்ட் கேட்டு எழுதினார். சிமென்ட் வரவில்லை, விஞ்ஞானம் வந்தது. பெயர்ந்த இடத்தில் ஒரு கால் கட்டைவிரல் தெரிந்ததாம். நூறு வருஷத்துக்கு முந்தைய ஓவியத்தின் கட்டைவிரல்.

கலைப் பாதுகாப்பு விஞ்ஞானி டாக்டர் ஹரிஷ்குமார் கருவிகளோடு வந்து இறங்கினார். சுவரை விரலால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே எடுத்தார். காய்ச்சல் பார்க்கிற கேமராவால் காய்ச்சல் பார்த்தார். அந்த வார்டில் ஒரு டாக்டர் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்று குளோரியா சிஸ்டர் பார்த்ததே இல்லை. உள்ளபடியே அவருக்குக் கண் கலங்கியது. வைத்தியம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. ஓவியத்தின் வண்ணம் செதில் செதிலாக உரிகிறது. லேசான பசையை மெல்லிய புகை மாதிரி அடித்து அதை ஒட்டவைக்க வேண்டும். அதற்கு ஏற்ற கருவி நெபுலைசர். வார்டில் வேலை செய்கிற நெபுலைசர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"மெஷினை நாங்க எடுத்துக்கறோம் சிஸ்டர். பேஷண்ட் ரொம்ப கிரிட்டிகல்" என்றார் ஹரிஷ்குமார்.

"எந்த பெட் டாக்டர்?"

அவர் சுவரைக் காட்டினார்.

ஆறு பேருக்கு வேளாவேளைக்கு அந்த மெஷின்தான் மூச்சு என்று சிஸ்டர் எடுத்துச் சொன்னார். விஞ்ஞானி பொறுமையாக அவர்களுடைய சராசரி வயதைக் கேட்டார். அறுபத்திரண்டு. சுவருக்கு நூற்றுப் பதினெட்டு. சீனியாரிட்டிக்கு மேல் பேச என்ன இருக்கிறது?

நிர்வாகி டேரில் என்பவர் தலைமையில் உடனடியாக ஓர் உயர்மட்டக் கூட்டம் நடந்தது. சுவரின் இந்த நிலைக்கு ஈரப்பதமே காரணம் என்றும், அந்த ஈரப்பதத்துக்கு ஆறு நோயாளிகளும் ராப்பகலாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பதே காரணம் என்றும் ஆய்வில் தெரியவந்தது. அவர்கள் மூச்சு விடுவதை இயன்றவரை குறைத்துக்கொள்ளும்படி ஒரு "அன்பான வேண்டுகோள்" சுற்றுக்கு விடப்பட்டது. ஏற்கெனவே இயன்றவரை ஒத்துழைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் அவர்கள். இருந்தாலும் போதவில்லை. ஐந்து பேர் டிஸ்சார்ஜ் ஆனார்கள். கோவிந்தப்பா மட்டும் பாக்கி. அல்சூரில் அவருடைய அறை மூன்றாவது மாடியில் இருந்தது. ஏறிப்போக மூச்சு இல்லை, ஏற்றிவிட ஆள் இல்லை.

ஆய்வறிக்கையின் முதல் பாகம் வெளிவந்தது. ஓவியத்தின் மேல் பதினேழு பூச்சுச் சுண்ணாம்பு இருந்ததாகவும், அந்தப் பூச்சுதான் படத்தை இத்தனை காலம் காப்பாற்றியது என்றும், அதைச் செய்த "பெயர் தெரியாத மகானுக்கு" கலையுலகம் கடமைப்பட்டிருப்பதாகவும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு மாதிரி எதுவும் கிடைக்கவில்லை என்றும் அதில் இருந்தது. டேரில் அதை வார்டில் நின்று உரக்கப் படித்தார்.

கட்டிலிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "மேல இருக்கிற பதினொண்ணு என்னுது சார்" என்றார் கோவிந்தப்பா. "மூணு வருஷத்துக்கு ஒருவாட்டி உரிஞ்சதைச் சுரண்டிட்டு நான்தான் அடிப்பேன். அந்தத் தூசிதான் இப்ப நெஞ்சுல குந்திக்கினு கீது."

மகான்கள் உயிரோடு இருக்கும் வழக்கம் இல்லை என்பதால் விஞ்ஞானி தயங்கினார். எழுத்துபூர்வமான ஆதாரம் உண்டா என்று கேட்டார். கோவிந்தப்பா இருமிக் காட்டினார்.

குளோரியா சிஸ்டருக்கு அப்போதுதான் மூளையில் பொறி தட்டியது. கோவிந்தப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்துச் சுவரின் எக்ஸ்ரேக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"ஒப்பிட்டுப் பாக்க ஒரு சாம்பிள் கிடைக்கலைன்னு சொன்னீங்களே டாக்டர். அதே சுவரு, அதே சுண்ணாம்பு, அதே வருஷம். இவருக்குள்ள இருக்கு."

ஹரிஷ்குமாரின் முகம் மலர்ந்தது. அன்று மாலையே கோவிந்தப்பா என்ற நோயாளி பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு, "ஒப்பீட்டு மாதிரி கோ-1" சேர்க்கப்பட்டது.

அதற்குப் பிறகு அவருக்கு வந்த வாழ்வைச் சொல்லி மாளாது. நோயாளிக்கு இல்லாத ஏசி, 'மாதிரி'க்கு வந்தது. தூங்குவதற்கு இதமாக வெளிச்சம் குறைக்கப்பட்டது. கையுறை போடாமல் ஒருவரும் தொடக்கூடாது, சுற்றிலும் ஒருவரும் கத்தக்கூடாது. மெஷினின் அளவைச் சரிபார்ப்பதற்காகத் தினம் மூன்று வேளை அவர் மேல் "பரிசோதனை" நடத்தலாம் என்று அனுமதியும் வந்தது. சிஸ்டர் பசைக் கிண்ணத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மருந்துக் கிண்ணமும் புது மாஸ்க்கும் மாட்டி அந்தப் பரிசோதனையைக் குறை வைக்காமல் செய்தார். மூன்றே வாரம். கோவிந்தப்பா எழுந்து வராந்தா முழுக்க நடந்தார். "மாதிரி தானாகவே இடம் பெயர்கிறது" என்று அறிக்கையில் கவலை தெரிவிக்கப்பட்டது.

இந்த நல்ல காலம், சுவர் குணமானதும் முடிந்தது. திட்டம் நிறைவு. மாதிரிகள் தேவையில்லை. கோ-1 பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டு வராந்தா பெஞ்சுக்கு மாற்றப்பட்டது. சிஸ்டர் மெஷினைத் திருப்பிக் கேட்டார். அது சுவரின் "தடுப்பு சிகிச்சை"க்காக நிரந்தரமாகப் பொருத்தப்பட்டு, கழற்றினால் அலறும்படி அலாரமும் வைக்கப்பட்டிருந்தது. புது மெஷின் கேட்டு எழுதினார். நான்காம் வார்டில் நோயாளிகளே இல்லாததால் தேவை எழவில்லை என்று பதில் வந்தது. நோயாளிகள் ஏன் இல்லை என்று எழுதிக் கேட்டார். நான்காம் வார்டு இப்போது ஓவியக் கூடம், அங்கே நோயாளிகளுக்கு அனுமதி இல்லை என்று அதற்கும் பதில் வந்தது. மூன்றாம் நாள் காலை கோவிந்தப்பாவின் நெஞ்சில் பழைய விசில் சத்தம் ஆரம்பித்தது. மற்ற வார்டுகளில் மெஷினுக்கு வரிசை நின்றது.

அன்றுதான் திறப்பு விழா. நிதி கொடுத்த அறக்கட்டளைத் தலைவி வீணா மேடம் ரிப்பன் வெட்டினார். திரை விலகியது. கட்டைவிரலில் ஆரம்பித்த படம் இப்போது முழுசாகத் தெரிந்தது. அதே வார்டு. ஆறு கட்டில், ஆறு நோயாளிகள். நடுவில் ஒரு நர்ஸ் குனிந்து நின்று, மூச்சுத்திணறும் ஒரு கிழவருக்கு ஆவிச் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீணா மேடம் கைக்குட்டையை எடுத்தார். இங்கே எத்தனை பேஷண்ட் என்று தழுதழுத்த குரலில் கேட்டார்.

"ஆறு மேடம்" என்றார் டேரில். "ஆறு பேரும் ஸ்டேபிள். இன்னும் இருநூறு வருஷத்துக்கு ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது."

கைதட்டல் ஓய்வதற்குக் குளோரியா சிஸ்டர் காத்திருக்கவில்லை.

"ஏழாவது ஆள் வெளிய பெஞ்சுல இருக்காரு மேடம். அவருக்கு இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்கூடச் சொல்ல முடியாது. அந்த மெஷினைக் குடுத்தாப் போதும்."

வீணா மேடம் இளகிய மனசுக்காரர். வாசல் வழியாகக் கோவிந்தப்பாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி கோவிந்தப்பாவைப் பார்த்தார்.

"அந்த ஓரத்துல ஸ்வல்ப ஜாகா இருக்கே" என்றார் ஹரிஷ்குமாரிடம். "அவரையும் வரைஞ்சிடலாம் இல்ல?"

டேரில் அதைக் குறித்துக்கொண்டார்.

குளோரியா சிஸ்டர் நேராகப் போய் மெஷினைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அலாரம் மருத்துவமனை முழுக்க அலறியது. எமர்ஜென்சி என்று நாலு டாக்டர்கள், மூன்று நர்ஸுகள், ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் வராந்தாவில் ஓடி வந்தார்கள். பெஞ்சில் நீலம் பாய்ந்த உதட்டோடு உட்கார்ந்திருந்த கோவிந்தப்பாவின் காலைத் தாண்டிக் குதித்து, உள்ளே போய்ச் சுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சிஸ்டர் ஒற்றை ஆளாகப் பசைக் கிண்ணத்தைக் கழற்றி, மருந்துக் கிண்ணத்தை மாட்டி, மாஸ்க்கைக் கோவிந்தப்பாவின் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் சிஸ்டருக்கு மெமோ வந்தது. சிகிச்சையில் இருந்த நோயாளியின் உயிர்காக்கும் கருவியைப் பிடுங்கி, உயிருக்கு ஆபத்து விளைவித்ததாகக் குற்றச்சாட்டு. நல்லவேளையாக நோயாளிக்குச் சேதம் எதுவும் இல்லை, ஒரு கீறல்கூட விழவில்லை என்று டேரில் கையெழுத்துப் போட்டிருந்தார். சம்பவத்தின்போது வராந்தாவில் யாரும் இருந்ததாக மருத்துவமனைப் பதிவேட்டில் இல்லை.