கொர்ரக்காவும் நாலு மணி பூகம்பமும்

பூகம்பத்தைக் கணிப்பதில் ஒரு தடவைகூடத் தவறாத ஒரே ஆள் ஜப்பானில் இல்லை. ராஜபாளையத்தில், எங்கள் லேடீஸ் ஹாஸ்டல் மொட்டைமாடியில் இருந்தார். தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே இறங்கி வந்து, "இன்னைக்கு வராது" என்பார். வராது. நான் அங்கே தங்கியிருந்த காலம் முழுவதும் அவர் நூற்றுக்கு நூறு.

அவர் சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கொர்ரக்கா, அவ்வளவுதான். அவரிடம் ஒரு பழைய கை ரேடியோ இருந்தது. அதில் பாட்டும் கேட்கமாட்டார், செய்தியும் கேட்கமாட்டார். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே முள்ளை நிறுத்தி, "கொர்ர்ர்" என்கிற இரைச்சலை மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அக்காவுக்கு வேலை நூல் மில்லின் சோதனைக் கூடத்தில். நூலை இழுத்து, எவ்வளவு இழுப்புக்கு அறுகிறது என்று பார்ப்பது. அக்காவின் கொள்கை அங்கேதான் பிறந்தது.

"நூலே அறுறதுக்கு முன்னாடி லேசா முனகிட்டுத்தான் அறுது. அம்புட்டுப் பெரிய பாறை, சொல்லாம கொள்ளாமயா உடையும்? கரண்டு மாதிரி ஒண்ண வெளியில விடும். அது ரேடியோவுல கேக்கும்."

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். இதைச் சிரித்து ஒதுக்க எனக்கு வழியில்லை. பூமிக்கடியில் நசுங்கும் பாறை மின்காந்த அலைகளை வெளிவிடக்கூடும் என்று பல நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் அதை வைத்து இன்ன நாளில் வரும் என்று உறுதியாகச் சொல்ல இதுவரை எவராலும் முடியவில்லை. இதைச் சொன்னால் அக்கா, "அவியட்ட நம்ம கொடி இல்லேல்லா" என்பார்.

மொட்டைமாடியில் துணி காயப்போட மூன்று கம்பிக் கொடிகள் உண்டு. மூன்றாவது கொடி அக்காவின் ஆன்டெனா. அதில் ஒரு கைக்குட்டையைக் கூட யாரும் போடக் கூடாது. ஒருமுறை தெரியாமல் போட்டுவிட்டேன். "ஏட்டி, யாரு ஜீன்ஸ் இது? ஈரத்தைத் தொங்கவிட்டா பூமி பேசுறது எனக்கு எப்படிட்டி கேக்கும்?" என்று படியிறங்கி வந்துவிட்டார்.

நான் சேர்ந்த முதல் மாதத்தில் அவர் "வருது, வருது!" என்று அலறிவிட்டு, ஓடிப்போய்க் காரணத்தைக் கண்டுபிடித்து, "இல்ல, வராது" என்று திருத்தியவை: ஒன்று, சமையலறை மிக்ஸி. இரண்டு, வார்டன் அறை டியூப்லைட். மூன்று, அய்யனார் கோவில் மலைப்பக்கம் வெட்டிய மின்னல். நான்கு, என் லேப்டாப் சார்ஜர். ஐந்து, மறுபடியும் மிக்ஸி. அன்று இட்லிக்கு இரண்டு சட்னி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாருடைய போனிலும் ஒரு ஆண் குரல் வந்தது. விருதுநகர் மாவட்டத்தில் இன்று மாலை நான்கு மணிக்குப் பூகம்பம், மாடிக் கட்டடங்களில் யாரும் இருக்க வேண்டாம், பத்து பேருக்கு அனுப்புங்கள். ஆயிரம் பேருக்கு அனுப்பினார்கள். ஹாஸ்டலில் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

என் அறைத்தோழி ஜெனிபருக்கு அன்று மதியம் இரண்டு மணிக்கு அரசு வேலைத் தேர்வு. சோழபுரத்துப் பெண். இரண்டு வருடமாக மில் ஷிப்ட் முடிந்து வந்து மாடிப்படியில் உட்கார்ந்து படித்தவள். அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மாடியில் இடம். அவள் அம்மா போனில், "பரீட்சையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வீட்டுக்கு வா" என்று அழுதது அறை முழுக்கக் கேட்டது.

"நான் போகலக்கா. நாலு மணிக்கு மேல ஒரு எழுத்து ஓடாது எனக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜெனிபர் கட்டிலில் சுருண்டுவிட்டாள்.

கொர்ரக்கா வாசலில் வந்து நின்றார். "ஏட்டி, எந்திரி. நானும் வாரேன். நீ எழுது, நான் வெளியில நின்னு கேக்கேன். உள்ள போனு கிடையாது, அதனால பச்சைத் துப்பட்டா காட்டுதேன். பச்சை தெரிஞ்சா எழுது. செகப்பக் காட்டுனா பேப்பரப் போட்டுட்டு ஓடி வா."

ஜெனிபர் எழுந்து முகம் கழுவினாள். எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் அவளை அந்தக் கட்டிலிலிருந்து எழுப்பியிருக்காது.

மூன்று பேருமாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஜெனிபருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். எதிரே தெருவோர வேப்ப மரத்தடியில் அக்கா பச்சைத் துப்பட்டாவை வலது கையில் உயர்த்திப் பிடித்தார். சிவப்புத் துப்பட்டா அவர் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. ரேடியோ என் கையில். மரத்தில் கட்டிவிடலாமே என்றேன்.

"கட்டிவிட்டா அது வெறும் துணிட்டி. ஒருத்தி புடிச்சுக்கிட்டு நின்னாத்தான் தகவல்."

அரை மணி நேரத்தில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வந்தார். "ஏம்மா, என்ன நடக்குது இங்க? பச்சைன்னா ஏ, செகப்புன்னா பியா? வெளிய நின்னு விடை சொல்லிக் குடுக்கியளோ?"

"இல்ல சார். பூகம்பம் வரலன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்" என்றார் அக்கா.

போலீஸ்காரர் எங்களையும் ரேடியோவையும் மாறிமாறிப் பார்த்தார். குரல் தணிந்தது. "அப்ப... வராதா?"

"இப்ப வரைக்கும் இல்ல சார்."

அவர் தள்ளிப் போய் வீட்டுக்குப் போன் செய்தார். "ஏட்டி, பிள்ளைகள வெயில்ல நிப்பாட்டாத, உள்ள போங்க. இங்க ஆபீஸர் அம்மா மெஷின் வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காவ." திரும்பி வந்து எங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

மூன்றரை மணிக்கு ரேடியோ அலறியது.

மிக்ஸிக்கும் மின்னலுக்கும் அலறியதெல்லாம் இதன் முன்னால் கொட்டாவி. விடாத, தடித்த இரைச்சல். அக்காவின் முகம் வெளுத்தது. இடது கை பையிலிருந்த சிவப்புத் துப்பட்டாவைத் தொட்டது. வருடக்கணக்காக அவர் காத்திருந்த சத்தம் இது. மாடி ஜன்னலில் ஜெனிபர் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"செகப்பக் காட்டுங்கம்மா!" என்றார் போலீஸ்காரர்.

"பொறுங்க சார். ஏட்டி, ஓடு. என்னன்னு பாத்துட்டு வா. நான் பச்சைய எறக்கல."

ரேடியோவைத் திருப்பினால் இரைச்சல் கூடும், குறையும். அதை வைத்தே திசையைப் பிடிக்கலாம். பிடித்துக்கொண்டே ஓடினேன். பள்ளிக்குப் பின் சந்தில் ஒரு பால்கோவா பட்டறை. அதன் வாசலில் ரேடியோ காதைக் கிழித்தது. உள்ளே பெரிய சட்டியில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தது ஒரு மெஷின். அதன் மோட்டாருக்குள் நீலப்பொறி பறந்தது.

"அண்ணாச்சி, செத்த நேரம் மோட்டார நிப்பாட்டுங்க!"

"நல்லாருக்கே! எறங்குற பதம். நிப்பாட்டுனா அடிப்புடிச்சிரும். கையால கிண்ட ஆளு இல்ல, எல்லாரும் பூகம்பம்னு ஊருக்கு ஓடிட்டானுவ" என்றார் முதலாளி.

"நான் கிண்டுதேன்."

ரேடியோவை ஆணியில் மாட்டிவிட்டுத் துடுப்பை வாங்கினேன். அவர் சுவிட்சை அணைத்தார். ரேடியோ பழைய மெல்லிய கொர்ருக்குத் திரும்பியது. போட்டார்: அலறல். அணைத்தார்: கொர்ர். மூன்று முறை சோதித்தோம். வியர்வை கண்ணில் இறங்க, ஒரு கையால் கிண்டியபடி போன் செய்தேன்.

"அக்கா, பால்கோவா!"

"என்னது?"

"பூகம்பம் இல்லக்கா. பால்கோவா!"

"நல்லாப் பாத்தியாட்டி?"

"கிண்டியே பாத்துட்டேன்கா."

"அப்ப வராது" என்றார். பக்கத்தில் போலீஸ்காரர் தெருவுக்கே கேட்கும்படி, "வராதாம்!" என்று கத்தியது போனில் கேட்டது. கூடவே யாரோ கைதட்டினார்கள்.

நான்கு மணி வந்தது, போனது. மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் வந்து அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர் அதை இடது கையால் குடித்தார். ஐந்து மணிக்கு மணி அடித்ததும் ஜெனிபர் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "எல்லாம் எழுதிட்டேன்கா! ஒண்ணு விடல!"

அந்தத் தேர்வில்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. இன்று அரசாங்க நாற்காலியில் இருக்கிறாள். அதெல்லாம் பிறகு. அன்று மாலை பஸ்ஸில் அக்காவின் வலது கை தோளிலிருந்து அசைய மறுத்தது. முதலாளி கூலியாகக் கொடுத்த பால்கோவாவை ஜெனிபர் அவருக்கு ஊட்டிக்கொண்டே வந்தாள். நான் தோளிலிருந்து விரல்வரை அமுக்கிவிட்டேன். ராஜபாளையத்தில் இறங்கும்போது, "போதும்ட்டி, சரியாப்போச்சு" என்றார். ஹாஸ்டல் வாசல்வரை அந்தக் கையை நான் விடவில்லை.