சுருதி சேர்த்த சக்கரம்

எனக்கு நல்ல காது என்று முதன்முதலில் சொன்ன ஆள் யார் என்று தெரிந்தால், இன்றைக்கும் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். பத்தொன்பது வயதுப் பையனிடம் சொல்கிற பேச்சா அது? உனக்கு நல்ல மூளை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், எல்லோரும் பிழைத்திருப்போம். காது என்றதும் நம்பிவிட்டேன்.

அப்போது நான் மலாக்காவில், காஜா பேராங்கில் என் அக்கா வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. தின்றுகொண்டிருந்தேன் என்பதுதான் சரி. ஜப்பான்காரன் காலம். அரிசி கண்ணில் படுவதே அபூர்வம், மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அதை அவித்தும் சுட்டும், மாவாக்கி ரொட்டி என்று பெயர் வைத்தும் அக்கா போடுவாள். தின்று முடித்ததும் நான் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொள்வேன். ஊரில் கச்சேரி கிடையாது, கோயில் பஜனைக்கே பாதி ஆள்தான் வந்தது. ஆனாலும் தினமும் கல்லும் கட்டையுமாக வலந்தலையைச் சுற்றிச் சுற்றித் தட்டி, சுருதிப் பெட்டியோடு சேர்ப்பேன். சேர்க்க முக்கால் மணி நேரம், வாசிக்கக் கால் மணி நேரம். (வாசிப்பு வராதவனுக்குச் சுருதி சேர்ப்பதுதானே வித்வத்து?) இடந்தலையில் அப்புவதற்கு ரவை கிடைக்காததால் அக்காவின் மரவள்ளி மாவில் ஒரு பிடி திருடுவேன். வீட்டில் பசிக்கிறது என்றால் மிருதங்கத்துக்கும்தானே பசிக்கும் என்று ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

அத்தான் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர், கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற வேலை. அதிர்ந்து பேசாத மனிதர். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குப் போய்க் காய்ச்சல்காரர்களைப் பார்த்து வர அவருக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. பெட்ரோலை ஜப்பான்காரன் ஆபீசில் போத்தலில் அளந்து கொடுப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஆயர் குரோ பக்கமிருந்து திரும்பும்போது லோரிகள் தோண்டி வைத்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கிவிட்டது. ரிம் வளைந்து, நாலைந்து கம்பி தெறித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

மற்ற நாளாக இருந்தால் அது வெறும் சக்கரம். ஆனால் வரப்போகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வண்டி வைத்திருக்கிற டிரெஸ்ஸர்கள் எல்லாரும் வண்டியோடு வந்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஆபீசில் உத்தரவு. ஓடுகிற வண்டி உள்ளவன் இங்கேயே தோட்டம் பார்க்கலாம். ஓட்டிக் காட்டாதவன் பெயர் வேறு பட்டியலுக்குப் போகும். அந்தப் பட்டியல் சயாமுக்கு. தண்டவாளம் போடப் பிடித்துக்கொண்டு போன தோட்டத்து ஆட்களோடு மருந்துப் பெட்டி தூக்க டிரெஸ்ஸர்கள் வேண்டியிருந்தார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை எங்கள் பக்கம் திரும்பி வரவில்லை. அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

புங்கா ராயா தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் அத்தான் சொன்னார். நான் சிரித்தேன். எப்பேர்ப்பட்ட சிரிப்பு தெரியுமா, இன்றைக்கு என் மகன் அப்படிச் சிரித்தால் வீட்டை விட்டுத் துரத்துவேன்.

"அவரு ஒரு குச்சியக் கட்டி வச்சிக்கிட்டு நாள் பூரா சக்கரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. குச்சியெல்லாம் கண்ண நம்புறவனுக்கு. சக்கரத்துக் கம்பியும் தந்திதானே அத்தான்? எல்லாம் ஒரே சுருதியில நின்னா சக்கரம் தானா நேரா நின்னுட்டுப் போகுது."

அக்கா அடுப்படியிலிருந்தே, மாவு திருடுகிறவன் கையில் வண்டியைக் கொடுக்க வேண்டாம் என்றாள். அவள் சொன்னதோடு விட்டிருக்கலாம். ஆனால் அத்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டார். சும்மா உட்கார்ந்து தின்கிறான் என்று அக்கா அடிக்கடி சொல்வது அவருக்கு என்னைவிட அதிகமாகச் சுட்டதோ என்னவோ. "செய்யட்டும், அவனும் இந்த வீட்டுக்கு ஒண்ணு செஞ்ச மாதிரி இருக்கும்" என்றார். எனக்கு வீட்டில் ஒரு மதிப்பு வரட்டும் என்று நினைத்த ஒரே ஜீவன் அவர்தான். அவருக்கு நான் செய்த பதில் மரியாதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

சனிக்கிழமை ரிம்மை முற்றத்தில் படுக்கப் போட்டு இரண்டு பேரும் மேலே ஏறி நின்று மிதித்து ஓரளவு தட்டையாக்கினோம். (அந்த வேலைக்கு மட்டும் நான் பொருத்தமான ஆள். மரவள்ளியிலும் உடம்பு வைத்திருந்தேன்.) எந்தக் கம்பி எதற்கு மேலே போகிறது, எதற்குக் கீழே போகிறது என்று அத்தான் கழற்றும் முன்பே சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் வரைந்து வைத்திருந்தார். தெறித்ததற்குப் பதில் தேடிப்பிடித்த பழைய கம்பியும் சேர்த்து, அதைப் பார்த்து அவரே நாற்பது கம்பிகளையும் கோர்த்தார். முறுக்கி, கோட்டம் எடுத்து நேராக்குவது மட்டும் மீதி. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. கிளம்பும்போது ஒரு குச்சியை என்னிடம் கொடுத்து, வண்டியில் மாட்டி, ரிம்முக்குப் பக்கத்தில் குச்சி முனையை வைத்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே முறுக்கச் சொன்னார். நல்ல குச்சி. அடுப்புக்குப் போட்டேன்.

பிறகு வித்வான் வேலையில் இறங்கினார். ஆட்டுக்கல் குழியில் அச்சைச் செருகி, சக்கரத்தைப் படுக்க வைத்தேன். அப்படி வைத்தால்தான் மிருதங்கத் தலை மாதிரி மடிக்கு வாட்டமாக இருந்தது. அப்படி வைத்தால் சக்கரம் நேராகச் சுற்றுகிறதா என்று தெரியவே தெரியாது என்பதும் உண்மை. ஆனால் யார் பார்க்கப் போகிறார்கள்? சுருதிப் பெட்டியை அமுக்கி விட்டு, ஒவ்வொரு கம்பியாகக் கரண்டிக் காம்பால் தட்டி, முறுக்கி, மறுபடி தட்டி, கண்ணை மூடிக் கேட்டேன். காலைப் பலகாரத்துக்குப் பிறகு ஆரம்பித்தவன் வெயில் சாயும்வரை எழுந்திருக்கவில்லை. நடுவில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று பார்த்தாள்.

"சுத்திப் பாத்தியாடா தம்பி?"

"கச்சேரிக்கு முன்னாடி மிருதங்கத்த யாராச்சும் உருட்டிப் பாப்பாங்களா அக்கா?"

அவள் அடுப்பில் பாதி கரிந்து கிடந்த குச்சியை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

முடித்தபோது நாற்பது கம்பியும் ஒரே நாதம் பேசியது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அப்படி ஒரு சுத்தமான சுருதியை நான் அதற்கு முன்னும் சேர்த்ததில்லை, பின்னும் சேர்க்கவில்லை. டயரைப் போட்டு, காற்றடித்து, அத்தான் வந்ததும் இருவருமாக வண்டியில் மாட்டினோம். அவர் குனிந்து பார்த்தார். சக்கரத்துக்கும் அதை இரண்டு பக்கமும் தாங்குகிற ஃபோர்க் காலுக்கும் நடுவே வலது பக்கம் இரண்டு விரல் போகிறது, இடது பக்கம் நகம்கூடப் போகவில்லையே என்றார். இங்கிலீஷ்காரன் செய்த வண்டி, சாலையில் இடது பக்கமாகப் போவதற்காக அப்படி வைத்திருப்பான் என்று நான் சொன்னேன். (சொன்னேன். வாய் கூசவில்லை.) ஓட்டிப் பார்க்க வழியில்லை. போத்தலில் இருந்த பெட்ரோல் ஆபீசுக்குப் போக மட்டும்தான் காணும். அத்தான் கொஞ்ச நேரம் சக்கரத்தையும் கொஞ்ச நேரம் என்னையும் பார்த்தார். கடைசியில் என்னை நம்பினார்.

திங்கட்கிழமை காலை நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். என் சக்கரம் ஆபீசில் பாராட்டு வாங்குவதை நான் பார்க்க வேண்டாமா? கிளம்பியதும் சக்கரம் பாடியது. காற்றில் ஒரு ரீங்காரம், கம்பி பிசகாத ரீங்காரம். "கேக்குதா அத்தான்?" என்று அவர் காதில் கத்தினேன். அவர் இரண்டு கைகளாலும் ஹேண்டிலை வலது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வண்டி இடது பக்கமே போகப் பார்த்தது, போதாக்குறைக்கு ஆடவும் செய்தது. நான் அதைத் தாளக்கட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முச்சந்தியில் ஜப்பான் சிப்பாய் காவல் நின்ற இடம் உண்டு. யாராக இருந்தாலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். அத்தான் தூரத்திலேயே பிரேக்கைப் பிடித்தார். பிடித்ததும் சக்கரம் ஃபோர்க் காலில் போய் உரசி, வண்டி ஒரே இழுப்பாக இடது பக்கம் திரும்பி, சிப்பாயைக் கடந்து, அவன் கயிறு கட்டிக் காயப்போட்டிருந்த துணிகளுக்குள் புகுந்தது. நின்றபோது அவன் காலில் சுற்றுகிற நீளப் பட்டி ஹேண்டிலில் சுற்றிக்கொண்டிருந்தது.

வண்டி நிற்பதற்கு முன்பே நான் குதித்துவிட்டேன். குதித்த இடத்திலேயே குனிந்தேன். மலாக்கா வரலாற்றிலேயே ஒரு மனிதன் அவ்வளவு ஆழமாகக் குனிந்திருக்க மாட்டான், என் கால் கட்டைவிரல் மூக்குக்கு எதிரே தெரிந்தது. அதனால் எதையும் நான் பார்க்கவில்லை. கேட்டேன். நல்ல காதாயிற்றே, துல்லியமாகக் கேட்டது. பூட்ஸ் நடந்து வந்தது. அவன் சக்கரத்தை எட்டி உதைத்து என்னவோ கத்தினான். யார் செய்த வேலை என்றுதான் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் "நான்தான்" என்று அத்தான் தமிழில் சொன்னது கேட்டது. பிறகு அறை விழுந்த சத்தம். ஒன்றுதான். இடது கன்னத்தோடு சேர்த்துக் காதில்.

நான் நிமிரவில்லை. இதை எத்தனையோ தடவை சிரிப்புக் கதையாகச் சொல்லியிருக்கிறேன், இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவேன். அந்த அறை எனக்குச் சேர வேண்டியது. எனக்கு அது நன்றாகத் தெரியும், குனிந்திருந்தபோதே தெரியும்.

சிப்பாய் எங்கள் இருவரையும் வெயிலில் மண்டியிட வைத்துவிட்டு, அத்தான் கையில் கட்டியிருந்த ஆஸ்பத்திரிப் பட்டையைப் பார்த்து, ஒரு வழியாகப் போகச் சொன்னான். அதற்குள் பத்து மணி ஆகியிருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே தவுக்கே கடைக்குப் போனோம். ஒரு வார்த்தை அத்தான் என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தவுக்கே நகத்தால் ஒரு கம்பியைச் சுண்டினார். இன்னொன்றைச் சுண்டினார். புருவத்தைத் தூக்கி, இது யார் வேலை என்று மலாயில் கேட்டார். இந்தத் தடவை நான்தான் என்றேன், அறைய மாட்டார் என்கிற தைரியத்தில். எல்லாம் ஒரே சத்தம் போடுகிறதே, ரொம்ப அழகாக இருக்கிறது, ஆனால் இது சக்கரமாயிற்றே என்றார். பிரேக் இருக்கிற பக்கத்துக் கம்பிக்கு ஒரு இழுப்பு, இல்லாத பக்கத்துக்கு வேறு இழுப்பு. வளைந்த ரிம் என்றால் ஓர் இடத்தில் கூட்ட வேண்டும், எதிரே குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் சமமாக இழுத்தால் கோணல் கோணலாகவே நிற்கும். இதைச் சொல்லிக்கொண்டே, தாம் சாப்பிடுகிற குச்சியில் ஒன்றை எடுத்து ஃபோர்க் காலில் ரப்பரால் கட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒவ்வொரு கம்பியாக என் சுருதியைக் கெடுத்தார். ஒன்று கீச்சென்றது, அடுத்தது தொய்ந்த குரலில் உறுமியது. நாராசம். ரிம் மட்டும் நடுவுக்கு வந்து, குச்சியைத் தொடாமல் அமைதியாக ஓடியது. அவர் ஊற்றிவைத்த கடுங்காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமையே முடிந்திருக்க வேண்டிய வேலை.

ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்ற டிரெஸ்ஸர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். பட்டியல் எழுதுகிற கிராணி தமிழர்தான். அத்தானின் பெயரை இன்னும் எந்தப் பட்டியலிலும் எழுதாமல் பென்சிலைச் சீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஜப்பான் அதிகாரி வெளியே வந்து கையைக் காட்டினான். அத்தான் வளாகத்தை ஒரு சுற்று சுற்றினார். வண்டி நூல் பிடித்த மாதிரி போயிற்று. அதிகாரி தலையாட்டினான். அத்தான் சயாமுக்குப் போகவில்லை. நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் சத்தமாகவே அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா இடது பக்கமாக நின்று என்னவோ கேட்டாள். அவர் திரும்பவில்லை. மறுபடி கேட்டாள். அப்போதுதான் காதோரம் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள். டிரெஸ்ஸர் ஆயிற்றே, கண்ணாடியைப் பார்த்துத் தமக்குத் தாமே பஞ்சு வைத்துக்கொண்டார், பத்து நாளில் சரியாகிவிடும் என்றார். அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை.

சண்டை முடிந்தது, அரிசி வந்தது, கச்சேரிகளும் வந்தன. என்னையும் கோயில்களில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். (ஆள் பஞ்சம்.) மலாக்காவில் எங்கே வாசித்தாலும் அத்தான் வருவார். முன்வரிசையில்தான் உட்கார்வார், ஆனால் நாற்காலியை வலது பக்கம் திருப்பிப் போட்டு, செத்துப்போன இடது காதை எனக்கு நேராகக் காட்டிக்கொண்டு உட்கார்வார். நான் கல்லை எடுத்து வலந்தலையைத் தட்ட ஆரம்பித்தால் போதும், பெண்கள் பக்கமிருந்து அக்கா, "உங்க அத்தான் திரும்பி உக்காந்துட்டாரா, அப்புறம் ஆரம்பி" என்பாள். குடும்பமே சிரிக்கும். கல்யாணமாகி வந்த மருமகள்களுக்கு முதல் வாரத்திலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் யாராவது தெரியாத வேலையைத் தெரியும் என்று எடுத்துக்கொண்டால், பேசாமல் அவர் கையில் ஒரு குச்சியைக் கொடுப்பார்கள்.

ஒரு கச்சேரி முடிந்த பிறகு நான் மனசு தாளாமல் அவர் வலது பக்கம் போய் உட்கார்ந்து, ஒரு நாளாவது இந்தக் காதைத் திருப்பி என் வாசிப்பைக் கேளுங்கள் அத்தான் என்று கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு வண்டியில வர்றப்பவே ரெண்டு காதாலயும் கேட்டுட்டேன் மச்சான்" என்றார். "நல்ல சுருதி."