தும்மல் மேக்கரின் மூக்கு

நீலகிரியில் முளைக்கிற செடி கொடிகளில் தும்மல் மேக்கரின் மூக்கில் ஏறாதது என்று ஒன்று இருந்தால், அது அரசாங்கப் பூங்காவில் கம்பி வேலிக்குள் காவலோடு நிற்கிற செடியாகத்தான் இருக்கும். மற்றதெல்லாம் சாறாகவோ பொடியாகவோ புகையாகவோ ஒருமுறையாவது உள்ளே போய் வெளியே வந்திருக்கிறது. உள்ளே போகும்போது சத்தம் இருக்காது. வெளியே வரும்போது பக்கத்து எஸ்டேட்டில் கேட்கும்.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் ஆபீஸ் கிளார்க். அவர் அங்கே டீ மேக்கர். டீ மேக்கர் என்றால் டீ போட்டுக் கொடுக்கிறவர் என்று கீழ்நாட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். என் மாமனார் முதல் தடவை ஃபேக்டரி பார்க்க வந்தபோது அவரிடமே போய், "எனக்குச் சர்க்கரை கம்மியா" என்று சொல்லிவிட்டார். மேக்கர் மறுபேச்சு பேசாமல் கேண்டீனுக்குப் போய் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். மாமனார் இன்று வரை அவரை நல்ல பையன் என்றுதான் சொல்கிறார். மேக்கருக்கு அப்போதே ஐம்பத்திரண்டு வயது.

உண்மையில் ஃபேக்டரியில் முதலாளிக்கு அடுத்த பெரிய மனிதர் அவர்தான். பறித்து வந்த இலையை வாட்டி, அரைத்து, தரையில் பரப்பிப் பழுக்க விடுவார்கள். பச்சை வாசம் போய்ப் பழுத்த வாசம் எழும்புகிற நிமிஷத்தில் அதை அள்ளி அடுப்புக்கு அனுப்ப வேண்டும். கொஞ்சம் முந்தினால் தொண்டையைப் பிடிக்கும். கொஞ்சம் பிந்தினால் டீ சப்பென்று போய்விடும். அந்த நிமிஷத்தைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்த ஒரே கருவி மேக்கரின் மூக்கு. குனிந்து ஒரு பிடி அள்ளுவார், முகர்வார், கண்ணை மூடுவார், இடது கையைத் தூக்குவார். உடனே இருபது பேர் ஓடுவார்கள்.

அந்த மூக்குக்குத்தான் அலர்ஜி வந்தது. ஆரம்பத்தில் காலையில் நாலு தும்மல், மாலையில் நாலு தும்மல் என்று ஒழுங்காக இருந்தது. பிறகு கணக்கு வழக்கில்லாமல் போயிற்று. குன்னூரில் ஒரு டாக்டரிடம் போனார். அவர் நல்ல டாக்டர். மூக்கைப் பார்த்தார், தொழிலைக் கேட்டார். தேயிலையைச் சலிக்கும்போது பறக்கிற பஞ்சு போன்ற தூசிதான் ஆகவில்லை. மாத்திரை போடுங்கள், முகமூடி கட்டுங்கள், முடிந்தால் ஃபேக்டரிக்குள் போகாத வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

மேக்கர் மருந்துச் சீட்டை அங்கேயே நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நேராக என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்க சார், இருபத்தஞ்சு வருஷமா எனக்குச் சோறு போடுறது தேயிலைங்க. அது எனக்கு ஆகலைன்னு சொல்றாருங்க. அவரெல்லாம் படிச்சவருங்களா?"

அன்றோடு ஆங்கில மருத்துவத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிந்தது. தேயிலை குற்றவாளி இல்லை என்று அவர் தீர்ப்பு எழுதிவிட்டதால், வேறு குற்றவாளியைத் தேட வேண்டியிருந்தது. சில்வர் ஓக் பூ என்றார். பனி என்றார். பக்கத்து வீட்டு நாய் என்றார். மனைவி புதிதாக வாங்கிய கம்பளி என்றார். நாய் செத்துப்போய், கம்பளியும் கைமாறிய பிறகும் தும்மல் மட்டும் அங்கேயே இருந்தது.

இதில் ஒரு சிக்கல். தேயிலை தன்னைச் சுற்றியிருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதனால் பூ, பவுடர், செண்ட், வாசனை எண்ணெய் எதுவும் ஃபேக்டரி வாசலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை மேக்கரைப் போல யாரும் நடத்தியதில்லை. கல்யாணமாகி மறுவாரம் வேலைக்கு வந்த பெண்ணை, கையில் மருதாணி வாசம் போகவில்லை என்று மூன்று நாள் லீவில் திருப்பி அனுப்பியவர் அவர். அப்படிப்பட்டவர் தன் தைலங்களை ஃபேக்டரிக்குள் திறப்பாரா? என் ஆபீசில் திறந்தார்.

என் பீரோவின் கீழ்த்தட்டு அவருடைய மருந்துக்கடை ஆயிற்று. ஹோமியோபதி உருண்டை, சித்த வைத்தியச் சூரணம், செம்புக் காப்பு, மூக்கில் தண்ணீர் விட்டுக் கழுவ ஒரு கெண்டி, எதற்கென்று எனக்கு இன்னும் தெரியாத ஒரு மயிலிறகு. எல்லாவற்றையும் ஒன்றாகச் சாப்பிட்டால் எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாது. மறுநாளிலிருந்து வலது மூக்கு சித்த வைத்தியம், இடது மூக்கு ஆயுர்வேதம் என்று பிரித்துக்கொண்டார். காலையில் வந்ததும் ஒவ்வொரு பக்கமாக அடைத்து மூச்சு விட்டுப் பார்த்து, "இன்னைக்கு இடது பக்கம் தேவலைங்க" என்று எனக்கு அறிக்கை கொடுப்பார்.

புது மருந்தை முதலில் எனக்குக் கொடுப்பது அவருடைய இன்னொரு பழக்கம். எனக்குப் பனிக்காலத்தில் கை அரிக்கும். அந்த ஒரு தகுதி அவருக்குப் போதும். தும்மலுக்கான கஷாயம் அரிப்புக்கு எப்படிக் கேட்கும் என்றால், எல்லாம் ரத்தத்தில்தானே சார் ஓடுகிறது என்பார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மாலை வரை பார்த்திருந்து பிறகு அவர் குடிப்பார். இதை மறைக்கவும் மாட்டார். "உங்களுக்குப் பொண்ணு கல்யாணம் முடிஞ்சிருச்சுங்க. எனக்கு இன்னும் ரெண்டு இருக்குதுங்க" என்று காரணமும் சொல்வார்.

எங்கள் மலையில் இத்தலார் என்கிற ஊரின் பூண்டு காரத்துக்குப் பேர் போனது. வெறும் வயிற்றில் ஏழு பல் பச்சையாகத் தின்றால் அலர்ஜி ஓடும் என்று யூடியூபில் யாரோ சொல்லியிருந்தார்கள். தின்றார். தின்றுவிட்டு ஃபேக்டரி வாசலுக்கு வந்தபோதுதான், வாய் நாறுகிறவன் உள்ளே போகக் கூடாது என்ற சட்டம் நினைவுக்கு வந்தது. சட்டம் போட்டவரே மீற முடியுமா? ஒரு வாரம் அவர் வெளியே ஜன்னலோரம் நின்றார். உள்ளே இருந்து பெண்கள் முறத்தில் இலையைக் கொண்டுவந்து காட்ட, ஜன்னல் கம்பி வழியாக முகர்ந்து கையைத் தூக்கினார். லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர் அதை ஏதோ பூசை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டார்.

பைக்காரா அருவியின் சாரலை விடிகாலையில் நேராக மூக்கில் வாங்கினால் நல்லது என்று கேள்விப்பட்டுப் போய், மூன்று நாள் காய்ச்சலோடு படுத்தார். கேரள எல்லையில் நாடுகாணிப் பக்கம் ஒரு மலையாள வைத்தியர் எண்ணெய் கொடுத்து, "பேடிக்கண்டா, மூணு சொட்டு மதி" என்றாராம். பயப்படாதே, மூன்று போதும் என்று அர்த்தம். மூன்றுக்கே குணம் என்றால் முப்பதுக்கு எவ்வளவு குணம் என்று இவர் ஒரு கணக்குப் போட்டார். அந்த எண்ணெய்க்குப் பத்தியம் ஏழு நாள் மௌனம். அந்த ஏழு நாளும் சைகையிலேயே ஃபேக்டரியை நடத்தினார். அவர் கையால் காட்டியதைப் பார்த்து டிரைவர் ஒரு லோடு விறகை என் ஆபீஸ் வாசலில் கொட்டிவிட்டுப் போனார். நான் இரண்டு நாள் ஜன்னல் வழியாக வேலைக்கு வந்தேன்.

அவர் வீட்டம்மா பள்ளிக்கூட டீச்சர். மத்தியானம் பெல் அடித்ததும் எனக்கு ஃபோன் செய்து, இன்று என்ன குடித்திருக்கிறார், ராத்திரி புளி சேர்க்கலாமா என்று விசாரிப்பார். குரலில் கோபமே இருக்காது. ஒரே ஒரு தடவை மட்டும், "நீங்க சொன்னாவாச்சும் அந்த டாக்டர்கிட்டப் போவாருங்களா சார்?" என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. தினமும் வேடிக்கை கிடைக்கிற இடத்தில் யார்தான் புத்தி சொல்வார்கள்?

போன மழைக்காலத்தில் ஒருநாள் பெரிய வைத்தியமாகப் பார்த்தே தீர்வது என்று ஒரு அண்டா நிறைய யூகலிப்டஸ் இலையும் ஒரு பாட்டில் தைலமும் கொண்டுவந்தார். கொதிக்க வைத்து, கம்பளிக்குள் உட்கார்ந்து ஆவி பிடிப்பதாகத் திட்டம். அன்றைக்கு எனக்கு ஆடிட் வேலை. ஏற்கனவே ஃபைலெல்லாம் தைலக்கடை போல மணக்கிறது. எரிச்சலில், "இதையாவது வெளியே கொண்டுபோய் வெச்சுக்குங்க" என்றேன். முதல் தடவையாக அவரிடம் குரல் உயர்த்திப் பேசினேன். அவர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் பின்புறம் போனார். ஒரு மணி நேரம் பிடித்தார். ஆவி ஒரு துளி கூட என் பக்கம் வரவில்லை. நல்ல மனிதர், யோசித்து இடம் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவி ஏன் வரவில்லை என்றால், ஆபீசின் பின்சுவரை ஒட்டி இலை வாட்டும் தொட்டி இருக்கிறது. அதன் வாயில் ஆள் உயர ஃபேன். அது வெளிக்காற்றை இழுத்துத் தொட்டி முழுக்க இருக்கிற இலைக்குள் விடும். அன்றைய இலை மொத்தமும் மேக்கரோடு சேர்ந்து ஆவி பிடித்துவிட்டது. பெண்களுக்கு வாசம் தெரிந்ததாம். ஆபீஸ் பக்கமிருந்து மேக்கரின் தைல வாசம் வருவது புதிதா என்ன என்று விட்டுவிட்டார்கள். என் மூக்கு அந்த வாசத்துக்கு என்றைக்கோ பழகிப்போயிருந்தது. மேக்கர் வழக்கம்போல ஒரு பிடி அள்ளினார், முகர்ந்தார், கையைத் தூக்கினார்.

ஏலத்துக்கு முன்னால் ருசி பார்க்கிறவர்கள் அந்தத் தேயிலையை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். கூடவே ஒரு குறிப்பு, மருந்து வாசம் என்று.

முதலாளி கோயம்புத்தூரிலிருந்து வந்தார். எங்களைவிட வயதில் சின்னவர், சத்தம் போடாதவர். ஆபீசில் எல்லோரையும் நிற்க வைத்து, உடம்பில் மருந்து தடவிக்கொண்டு உள்ளே வந்தது யார் என்று கேட்டார். வாட்டும் தொட்டியில் வேலை செய்கிற சரோஜாவுக்கு முழங்கால் வலி, தைலம் தேய்ப்பாள் என்று யாரோ சொன்னார்கள். அவள் அன்றைக்குத் தேய்க்கவில்லை என்று அழுதாள். முதலாளி அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"அவங்க இல்லீங்க. அது நானுங்க" என்றார் மேக்கர்.

அண்டா கதை முழுவதையும் சொன்னார். நான் வெளியே வைக்கச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலாளி அவர் பக்கம் திரும்பினார். "சரிங்க, அது தெரியாம நடந்தது. ஆனா இலையை முகர்ந்து பார்த்தது நீங்கதானுங்களே? ஊருக்கே தெரிஞ்ச வாசம் உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சுங்க?"

மேக்கர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தும்மல் கூட வரவில்லை.

"எனக்கு வாசம் போயி நாலு மாசம் ஆச்சுங்க. கலரையும் கடிகாரத்தையும் பார்த்துத்தான் கையைத் தூக்கிட்டு இருந்தேனுங்க." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "டாக்டரு அப்பவே சொன்னாருங்க. எனக்குத் தேயிலை ஆகறதில்லீங்க."

வீட்டில் ஒரு சாவு நடந்ததைச் சொல்கிற குரல் அது. நாலு மாதமாக அவர் காலையில் கொடுத்த மூக்கு அறிக்கைகளைக் கேட்டு நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நாலு மாதக் கஷாயமெல்லாம் தும்மலுக்காக இல்லை, வாசத்துக்காக என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. இத்தலாரில் விவசாயிகளிடம் பச்சை இலை வாங்குகிற ஷெட் ஒன்று இருக்கிறது. நாலு பக்கமும் திறந்த இடம், பஞ்சு கிடையாது. அங்கே மாற்றினார். ஃபேக்டரிக்குப் படித்த மேக்கர் ஒருவர் வந்தார், நல்ல பிள்ளை. சரோஜா வேலைக்குத் திரும்பினாள். பழைய மேக்கர் மாத்திரை போட ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் தும்மல் நின்றது. நாலு மாதத்தில் வாசமும் திரும்பி வந்துவிட்டது. வீட்டம்மா ஃபோனில் சந்தோஷமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, ஆனால் மனிதர் வீட்டில் பேசுவதே இல்லை என்றார். திரும்பவும் ஃபேக்டரிக்குள் போனால் வாசம் மறுபடி போய்விடும், பிறகு வரவே வராது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பிறகு ஒருநாள் மத்தியானம் அவரிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது. இன்றைய இலை எப்படி, பழுத்துவிட்டதா என்று கேட்டார். நான் நாற்காலியில் சாய்ந்தபடி, நன்றாக இருக்கிறது என்றேன்.

"ஒரு எட்டு எறங்கிப் போயிப் பார்த்துச் சொல்றீங்களா சார்?"

போனேன். குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: பச்சை வாசம் முக்கால்வாசி போய்விட்டது, அடியில் கொஞ்சம் கொய்யாப் பழம் மாதிரி ஏதோ வருகிறது. இன்னும் மூன்று நிமிஷம் என்றார். ஃபோனை வைக்காமல் இரண்டு பேரும் காத்திருந்தோம். புது மேக்கர் எங்களைப் பார்த்துச் சிரித்தார், தடுக்கவில்லை.

இப்போது தினமும் அந்த நேரத்துக்கு அவர் கூப்பிடுகிறார். என்னால் ஃபேக்டரிக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஃபோனில் வாசம் போகாது என்பது அவருக்கும் தெரியும். நேற்று மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க மேட்டுப்பாளையம் போவதாகவும், கூப்பிட மாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். ஆனாலும் மூன்றரை மணிக்கு நான் கீழே இறங்கிப் போய் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தேன், நாளைக்குக் கேட்டால் சொல்ல வேண்டுமே.