ரமோன்ஸுக்கும் கிளாஷுக்கும் நடுவே ஒரு மாமனார்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். என் மகளும் உடம்பளவில் நலம்தான். தாங்களும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, கேஸ் அடுப்பை மறக்காமல் அணைத்து, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று தோன்றும். இந்த வீட்டில் ஹாலில் பேசினால் சமையலறையில் கேட்கும், சமையலறையில் கேட்டால் உங்கள் மாமியார் வழியாக மொட்டைமாடி வரைக்கும் கேட்கும். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரமாக என் பெண் எங்களோடு இருக்கிறாள். பெண் வந்தால் பெற்றவனுக்குச் சந்தோஷம்தான், வரட்டும், இருக்கட்டும். ஆனால் அன்றைக்கு வந்தவள் ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் பெட்டி நிறைய சின்னச் சின்ன இசைத்தட்டுகளுமாக வந்து நின்றாள். "என்னம்மா, லீவா?" என்று கேட்டேன். "லீவெல்லாம் இல்லப்பா. உங்க மாப்பிள்ளை இனிமே கிளாஷோடயே குடும்பம் நடத்தட்டும்" என்றாள். யார் இந்த கிளாஷ், எந்த ஆபீஸ், எத்தனை நாளாக நடக்கிறது என்று வரிசையாகக் கேட்டேன், மாப்பிள்ளை. உங்கள் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்து விசாரித்தபிறகுதான் தெரிந்தது, கிளாஷ் என்பது ஆண்பிள்ளைகள் சேர்ந்து நடத்திய ஒரு பாட்டுக் குழு என்று. பங்க் ராக் வகையாம். பங்க் ராக் என்றால் காதைக் கிழிக்கும், கண்ணாடி உடையும் என்றெல்லாம் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது எவ்வளவு பெரிய அபாண்டம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கள் வீட்டு ஹாலில் கூடும் நண்பர்கள் எல்லாம் சேர்ந்து, எல்லாக் காலத்துக்கும் தலைசிறந்த பங்க் குழு எது, மற்றவர்களை அதிகம் பாதித்த குழு எது என்று ஓட்டுப் போட்டீர்களாம். கடைசியில் ரமோன்ஸும் கிளாஷும் சமமாக வந்து நின்றார்களாம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என்ற முறையில் கடைசி ஓட்டு தங்கள் கையில். பக்கத்து நாற்காலியில் கட்டிய மனைவி, அவளோ ரமோன்ஸ். தாங்கள் எல்லார் முன்னாலும் கிளாஷுக்குக் கையைத் தூக்கினீர்களாம். ஏன் மாப்பிள்ளை? தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சரி, கொள்கை என்று ஒன்று இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவள் அழுதது ஓட்டுக்காக இல்லை. நீங்கள் முதன்முதலாக அவளிடம் பேசிய அன்றைக்கு, அவள் பையில் குத்தியிருந்த ரமோன்ஸ் பேட்ஜைப் பார்த்துவிட்டு, "என்னைக் கேட்டா இவங்களுக்கு மேல யாருமே இல்லைங்க" என்று சொன்னீர்களாமே. "அதக் கேட்டுத்தாம்ப்பா அன்னிக்கு வந்த பஸ்ல ஏறாம நின்னேன். அதுவே பொய்னா, அதுக்கப்புறம் சொன்னதெல்லாம் என்ன கணக்கு?" என்று என்னைக் கேட்கிறாள். சாப்பிட வாம்மா என்றேன்.

சும்மா இருக்க முடியுமா? தங்களுக்குத் தெரியும், நான் ஓய்வு பெறும்வரை டிரைவிங் டெஸ்ட் எடுத்தவன். நடுங்குகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே தலை நரைத்தவன். தங்களையே இரண்டு தடவை பெயிலாக்கியவன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை, அந்த வளைவில் தாங்கள் இண்டிகேட்டர் போடவில்லை. அப்படிப்பட்டவன், இரண்டு கட்சியையும் நடுநிலையாகக் கேட்டு, மார்க் போட்டு, நியாயமான ஒரு முடிவைச் சொல்லிவிட்டால் குடும்பம் ஒன்று சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். கீழ்வீட்டு ரேடியோ மெக்கானிக்கிடம் ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயர் இரவல் வாங்கினேன். "எல்லாம் நல்லா ஓடுது சார், நீங்க ஒண்ணையும் தொடாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். நானும் ஊசியைத் தவிர ஒன்றையும் தொடவில்லை. காலையில் என் பெண் பல் செட் செய்யும் லேபுக்கு இங்கிருந்தே வேலைக்குப் போனதும் நான் பெட்டியைத் திறப்பேன், அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி வைத்துவிடுவேன். அவளுக்கு இது எதுவும் தெரியாது.

மாப்பிள்ளை, அந்த ரமோன்ஸ் இருக்கிறார்களே, எப்பேர்ப்பட்ட ஓட்டுநர்கள்! வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வாய்விட்டு எண்ணுகிறார்கள். சிக்னல் கொடுக்காமல் கிளம்பிய பேச்சே இல்லை. கிளம்பினபிறகு ஒரே கியர், ஒரே வேகம், அதுவும் பள்ளிக்கூட வாசலைக் கடக்கிற மாதிரி நிதானமான வேகம். முந்துவதில்லை, ஹாரன் இல்லை. பாடுகிறவர் குரலில் அப்படியொரு கனம், யாரையோ பறிகொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து பாடுகிற மாதிரி. பட்டென்று பிரேக் போட்டு நிறுத்துகிற பழக்கம் மட்டும் இருக்கிறது, அதற்கு இரண்டு மார்க் குறைத்தேன். இதற்கிடையில் ஒரு நாள் எதிர்வீட்டு வக்கீல் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எப்ப நடந்துச்சு? பக்கத்துலயே இருக்கோம், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்?" என்றார். "எது எப்ப நடந்துச்சு?" என்றேன். "இல்ல… ரெண்டு மூணு நாளா வீட்ல இந்தப் பாட்டு ஓடுதே…" என்று இழுத்தார். சத்தம் கேட்டு உங்கள் மாமியார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவளை முழுசாகப் பார்த்ததும் மனிதர் திகைத்துப்போனார். அவருக்குத் தெரிந்து இந்த வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர், நான் அவர் கையில்தான் இருக்கிறேன், அப்படியானால் போனது யார் என்று அவருக்குக் கணக்கு உதைத்தது. அவர் வீட்டில் எங்களுக்காக டிவியைக்கூட அணைத்து வைத்திருந்தார்களாம். காபி கொடுத்து அனுப்பினேன்.

கிளாஷையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல கை பழகினவர்கள். ஆனால் ஒரு லேனில் நிற்பதில்லை. இந்தப் பாட்டில் ஒரு தாளம், அடுத்ததில் வேறு ஒரு தாளம், எங்கே திரும்புவார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. கோபம் இருக்கிறது, ஆனால் பெரிய மனிதர்கள் கோபம். நிறுத்தி, மூச்சு விட்டு, ஒவ்வொரு வார்த்தையாகக் கண்டிக்கிறார்கள். பெட்டியில் மூன்றாவதாக ஒரு குழுவும் இருந்தது. அதன் பெயரை மாமனார் மாப்பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை, இரண்டாவது பாதி பிஸ்டல்ஸ், முதல் பாதியைத் தாங்களே போட்டுக்கொள்ளவும். உங்கள் மாமியாருக்கு அவர்களைத்தான் பிடித்திருக்கிறது. "பெரிய தட்டு ஒண்ணே ஒண்ணு போட்டாங்களாம், சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்களாம். உங்கள மாதிரி சொன்னதையே சொல்லிட்டு இருக்கல" என்கிறாள். அந்த முழுப் பெயரையும் பால்காரரிடம் வாசலில் நின்று சத்தமாகச் சொல்கிறாள். நான் வெளியே தலைகாட்டுவதில்லை.

இன்னொன்று கேள்விப்பட்டேன், மாப்பிள்ளை, அதுதான் மனசில் நிற்கிறது. அந்த ரமோன்ஸ் நாலு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்கிறதே, அண்ணன் தம்பிகளாக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். ஒருத்தருக்கொருத்தர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, இனிமேல் நமக்கு இதுதான் பெயர் என்று அவர்களாக வைத்துக்கொண்டார்களாம். அதைக் கேட்டதும் எனக்குக் கல்யாணம்தான் ஞாபகம் வந்தது. நானும் உங்கள் மாமியாரும் மட்டும் என்ன, கூடப் பிறந்தவர்களா? அப்புறம் ஒரு சண்டையில் அவர்களில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்களாம். வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. ஆனால் அதே வேனில் ஏறி, ஊர் ஊராகப் போய், பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசித்துவிட்டு, அதே வேனில் திரும்பி வந்தார்களாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் அப்படி ஆகிவிடக் கூடாது.

ஆகவே என் முடிவு இது. தலைசிறந்த குழு ரமோன்ஸ். அதிகம் பாதித்த குழு கிளாஷ். என் வீட்டையே பாதித்திருக்கிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பரிசை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டேன், யாருக்கும் தோல்வி இல்லை. ஆனால் முடிவு கிடக்கட்டும், மாப்பிள்ளை. நீங்கள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறாள். நேற்று அவளைக் கொஞ்சம் உசுப்பிவிடலாம் என்று, "என்ன இருந்தாலும் கிளாஷ்தாம்மா ஒசத்தி" என்றேன். எழுந்து வந்து சண்டை போடுவாள் என்று பார்த்தேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் ஒரே தடவையில் "சரிப்பா" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னிடம் சண்டை போட்டு அவளுக்கு என்ன ஆகப்போகிறது? எனக்கு விஷயமும் தெரியாது, ஈடும் கொடுக்க முடியாது. அதற்கு நீங்கள்தான் வேண்டும். கோபித்துக்கொண்டு வந்தவள் தன் தட்டுகளை மட்டும் எடுத்து வந்திருக்கலாம், உங்கள் கிளாஷையும் ஒன்று விடாமல் துணி சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வந்திருக்கிறாள். யோசித்துப் பாருங்கள். வந்து, "அன்னிக்குச் சொன்னது அன்னிக்கு நெசம்" என்று சொன்னால்கூடப் போதும். அதற்கு அவள் சண்டைக்கு வருவாள். வரட்டும்.

எல்லா நலமும் பெற்று, இண்டிகேட்டர் போட்டு, நீங்கள் இருவரும் நீண்ட காலம் ஒரே வண்டியில் பேசிக்கொண்டே போக வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மாமியார் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்

பி.கு.: உறையை ஒட்டியவன் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதில் தங்கள் நலம் விசாரித்ததைத் தவிர வேறு எதுவும் செல்லாது. இன்று லேபில் கரண்ட் இல்லை என்று மத்தியானமே வந்துவிட்டாள். நான் ரமோன்ஸ் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்தால் வாசலில் தோளில் பையோடு நிற்கிறாள். "அப்பா… என்னது இது?" "உன் ரமோன்ஸ்தாம்மா. பாரேன், எவ்வளவு அடக்கமா பாடறாங்க!" அவள் நேராக வந்து, பிளேயரின் ஓரத்தில் நகத்தளவு ஒரு பித்தான் இருக்கிறது, அதைத் தள்ளினாள். மாப்பிள்ளை, வீட்டுக்குள் லாரி புகுந்துவிட்டது! எதிர்வீட்டில் டமார் என்று ஜன்னலைச் சாத்தினார்கள். சின்னத் தட்டு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்ற வேண்டுமாம், இத்தனை நாளும் நான் முப்பத்துமூன்றில் ஓட்டிக் கேட்டிருக்கிறேன். வேகத்தைக் கவனிக்கவில்லை என்று எத்தனை பேரைப் பெயிலாக்கியிருப்பேன்! "எனக்கு முன்ன ஓடினதுதான் நல்லா இருந்துச்சு" என்று உங்கள் மாமியார் சொன்னாளோ இல்லையோ, பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். வக்கீல் துக்கம் கேட்க வந்த கதையையும் சொன்னேன், படுத்தே விட்டாள். அப்புறம் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத அவன்கிட்ட சொல்லணும்ப்பா" என்றாள். மரியாதைக் குறைவுக்கு மன்னிக்கவும், மூன்று வாரமாக "உங்க மாப்பிள்ளை, உங்க மாப்பிள்ளை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்து நீட்டினேன். "போன்லயா? போங்கப்பா! அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்" என்று உள்ளே போய்த் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருக்கிறாள். காலை முதல் பஸ்ஸில் வருகிறாள். இந்தக் கடிதம் ஒருவேளை அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தால், நீங்கள் இதைப் படிக்கவே இல்லை. சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும், மீதி என்னவென்று ஒருத்தருக்கும் புரியாது. அவசரப்படுத்தாமல் கேளுங்கள், மாப்பிள்ளை.