மோகனவல்லிக்கு வயது இருபதுதான்

காஜா பேராங், மலாக்கா
செப்டம்பர் 1957

மகா கனம் பொருந்திய பத்திராதிபர் ஐயா சமூகத்துக்கு, ருக்மணி அம்மாள் கைகூப்பி எழுதுவது. சுதந்திர மலாயாவில் நானும் பேத்தி கமலவேணியும் சுகம். உங்கள் அச்சாபீசில் எல்லோரும் சுகமாயிருக்க முருகன் துணை. நான் ஐந்தாவதுதான் படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

இருநூறு வருஷத்துக்கு முந்தி மோகனவல்லி என்ற பெண்புலவர் இருபது வயதில் ராஜசபையில் பாடினார் என்று நீங்கள் எழுதினீர்கள் அல்லவா, அதைப் படித்துவிட்டுத்தான் மெர்டேக்கா என்கிற சுதந்திர தின ஊர்வல லாரியில் கமலவேணி மோகனவல்லியாக உட்காருவது என்று முடிவு செய்து, என் கல்யாணப் பட்டை எடுத்து வெயிலில் போட்டேன், அதற்குள் சங்கத் தலைவர் மாணிக்கவாசகம் வந்து, "பெரியம்மா, அந்தம்மாவுக்குப் பேரு சரியில்லலா. பாட்டெல்லாம் ஒரு மாதிரியாம்" என்றார்.

"நீ படிச்சியா?"

"சீ, நான் ஏன் படிக்கிறேன்!"

"அப்ப யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது!"

ஊர் என்றால் செயலாளர் சேதுராமன். அவரும் படிக்கவில்லை. ஆனால் யோசனை அவருடையதுதான்: "கிழவியாக்கிடுவோம். கிழவி எதப் பாடுனாலும் பக்திதான்." என் தலையணையைக் கிழித்து, பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பஞ்சுத் தலை வைத்து, கையில் கம்பும் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். வழியெல்லாம் மலாய்க்காரர்கள் "நெனே! நெனே!" என்று, அதாவது பாட்டி பாட்டி என்று கையசைக்க, ஒரு போலீஸ்காரர் பாவம் பார்த்து நாற்காலி கொண்டுவர, அப்புறம் மழை பிடித்துப் பஞ்சு வழிந்து பாட்டிக்குத் தாடியும் முளைத்தது. அந்தக் கோலத்தில் எடுத்த படத்தைத்தான் சங்கத்தார் உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். "பேப்பர்ல வந்தா நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன் பாட்டி" என்று பிள்ளை சோறு தொடவில்லை.

ஐயா, அதைப் போடாதீர்கள். பட்டுச்சேலையில் அவளை ஸ்டூடியோவில் எடுத்த படம் இத்துடன் இருக்கிறது. அதைப் போட்டு, மோகனவல்லி அழகான, அடக்கமான இளம்பெண் என்று பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். ஒரு பெண் பாட்டு எழுதினால் இவர்களுக்கு ஏன் வயிறு எரிகிறது? கெட்டிக்காரி என்றாலே கெட்ட பெயரா? அவருடைய அடக்கத்துக்கு நான் சாட்சி.

உங்கள் பேனாவில் மை வற்றாமல் இருக்க ஆசீர்வதிக்கும்,
ருக்மணி அம்மாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாணிக்கவாசகம் மோகனவல்லியின் பாட்டுப் புத்தகத்தையே கொண்டுவந்து, "படிச்சிட்டு சாட்சி சொல்லுங்க பெரியம்மா" என்று கொடுத்தார். படிக்கவே இல்லை என்றவரின் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. நான் ஒரே மூச்சில் படித்தேன். பட்டுச்சேலைப் படத்தை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். கிழவி படத்தையே போடுங்கள், ஆனால் கீழே பேத்தி பெயர் வேண்டாம், என் பெயரைப் போடுங்கள். புத்தகம் 'முதல் பாகம் முற்றிற்று' என்று முடிகிறது. இரண்டாம் பாகம் இருந்தால் தாள் சுற்றி, என் கையிலேயே சேரும்படி அனுப்பவும்.