கழுத்தில் ஒரு நாற்காலி

நாற்காலியின் முதுகுச் சட்டங்களுக்கு இடையே போன மருமகனின் தலை, திரும்பி வர மறுத்துவிட்டது.

பூர்வீக வீட்டிலிருந்து என்று சொல்லி மாமனார் போன வருடம் கொண்டுவந்த கறுத்த நாற்காலி அது. யாரையும் உட்கார விடமாட்டார். செய்தவரின் முத்திரை உட்பக்கத்தில் இருக்கும் என்று எங்கோ படித்த மருமகன், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து டார்ச்சோடு தலையை நுழைத்திருந்தார்.

மனைவி எண்ணெய் தடவினாள். தலை வழுக்கி இன்னும் உள்ளே போனது. இப்போது நாற்காலி தோளில் உட்கார்ந்துகொண்டது.

"காதை மடக்குங்க!"

"காது என்ன குடையா, மடக்குறதுக்கு?"

மனைவி கூப்பிட்ட தச்சர் வந்ததும் ரம்பத்தை எடுத்தார். ஈரத் துண்டோடு ஓடிவந்த மாமனார் குறுக்கே பாய்ந்தார்.

"எங்க கொள்ளுத்தாத்தா சொத்து! அறுக்கக் கூடாது!"

"அப்ப எதை அறுக்கறது?" என்று தச்சர் மருமகனின் கழுத்தைப் பார்த்தார்.

"அப்பா, அவர் நாளைக்கு ஆபீஸ் போகணும்!"

"போகட்டும்மா. எங்க போனாலும் உட்கார இடம் தேட வேண்டாம்."

மனைவி அருங்காட்சியகத்துக்குப் போன் போட்டாள்.

"வெளியாளெல்லாம் எதுக்கு? குடும்ப விஷயம்!" என்று மாமனார் பதறினார். அவள் கேட்கவில்லை.

அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த மரச்சாமான் நிபுணர், ஒரு பெண், பூதக்கண்ணாடியோடு வந்தார். மருமகனைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

"கொஞ்சம் குனிங்க. ஒரு ஆணிகூட இல்ல, எல்லாம் மரமுளை. அட, கொக்கு முத்திரை! இதையா அறுக்கப் பாத்தீங்க? பாவம்ங்க!"

"நான் பாவம் இல்லையா?" என்றது நாற்காலிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"எங்க இடத்துக்கு வாங்க. சேதாரம் இல்லாம கழட்டிடலாம்."

மாமனாரின் முகம் வெளுத்தது. "வேணாம்! இங்கேயே அறுத்துடுங்க! எனக்கு மாப்பிள்ளைதான் முக்கியம்!"

மருமகனுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான இத்தனை வருடத்தில் மாமனார் இப்படி உருகியதே இல்லை.

"வேணாம் மாமா. உங்க கொள்ளுத்தாத்தா சொத்து. எனக்காக அழியக் கூடாது" என்று தழுதழுத்தபடி அவரே போய் நிபுணர் வந்த வேனில் ஏறினார். தலை சுற்றுகிறது என்று மாமனார் வீட்டிலேயே படுத்துக்கொண்டார்.

அருங்காட்சியக வாசலில் மருமகன் நாற்காலியோடு பக்கவாட்டில் இறங்கினார். வாயிற்காவலர் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார்.

"கலக்கிட்டீங்க மேடம்! போன வருஷம் நம்ம ஹால்ல திருடு போன நாற்காலியை, திருடனோட சேர்த்தே பிடிச்சிட்டு வந்துட்டீங்களே!"